அண்ணன் நிறுத்திய ஒரு விமானம்

கர்த்தருக்குள் இளைப்பாறும் எங்கள் அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவு ஆராதனைக்கு வந்து, பந்திக்கு இன்னும் நேரம் இருப்பதால் இந்த மலரைப் புரட்டிக்கொண்டிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் குடும்பத்தின் சார்பில் வணக்கம்.

இத்தகைய மலர்களில், மறைந்தவர் ஒருநாளும் கோபப்பட்டதில்லை என்று எழுதுவது வழக்கம். பலருடைய மலருக்கு நானே அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில் கோபமே அறியாமல் வாழ்ந்து மறைந்தவர்கள் இத்தனை பேர் இருப்பதற்கு என் பேனாவும் ஒரு காரணம். எங்கள் அண்ணன் கோபப்படுவார். ரயில் பிந்தினால் கோபப்படுவார். மீன்கறியில் புளி குறைந்தால் கோபப்படுவார். ஜெபக்கூட்டத்துக்கு வந்தவர் பைக்கை வழியில் குறுக்காக நிறுத்தியிருந்தால், ஜெபம் முடியும்வரை கண்ணை மூடியபடியே கோபப்படுவார்.

இந்தக் கட்டுரையை எழுத எனக்கு வேறொரு காரணமும் உண்டு. அண்ணனின் நல்ல பெயரில் இருபது வருடமாக ஒரு கறை இருந்தது. அவர் காரணமே இல்லாமல் ஒரு விமானத்தை நடுவழியில் நிறுத்தினார் என்பதுதான் அது. ஊரில் பலர் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். அவர்களுக்குச் சிரிக்கக் கற்றுக்கொடுத்தவன் நான். அச்சில் ஏற்றிய கறையை அச்சிலேயே துடைக்க வேண்டும் என்பதால், குடும்பத்தார் அனுமதியோடு முழுவதையும் இங்கே எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது வெள்ளறடைக்கு மேலே, மலை தொடங்கும் இடத்தில். அப்பா ரப்பர் வெட்டுக்காரர். வீட்டைச் சுற்றி மரச்சீனிக் கிழங்கு, வீட்டுக்குள்ளும் மரச்சீனி, காலையிலும் மாலையிலும் அதுவே. அண்ணன் பிரீடிகிரி படித்துக்கொண்டிருந்தபோது அப்பா மாரடைப்பில் போய்விட்டார். அண்ணனுக்குப் பதினெட்டு வயது, எனக்கு எட்டு. அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு பாறசாலைப் பக்கத்தில் தம் அண்ணன் வீட்டருகே வந்து குடியேறினார். அண்ணன் படிப்பை விட்டார். நான் விடவில்லை. என்னை விடவிடவில்லை என்பதுதான் சரி. நான் படித்த ஒவ்வொரு புத்தகத்துக்கும் அண்ணனின் முதுகு அட்டை போட்டிருக்கிறது.

கொத்தனாருக்குக் கையாளாகப் போனவருக்கு நகரத்து விமான நிலையத்தில் கான்கிரீட் தளம் போடும் வேலை கிடைத்தது. விமானங்கள் வந்து நிற்கும் அந்தப் பெரிய முற்றத்துக்கு ஏப்ரன் என்று பெயர். அதில் ஒரு மூலையைத் தாம் குழைத்துப் போட்டதாக அண்ணன் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். தளம் காய்ந்தபோது வேலையும் தீர்ந்தது. ஆனால் அவர் திரும்பி வரவில்லை. விமானங்களில் பெட்டி ஏற்றி இறக்கும் ஆட்களில் ஒருவராக அங்கேயே சேர்ந்தார். சில வருடங்களில் பயிற்சி முடித்து, பரீட்சை எழுதி, மார்ஷலர் ஆனார்.

மார்ஷலர் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: ஓடுபாதையில் இறங்கிய விமானம் தன் இடத்துக்கு ஊர்ந்து வரும்போது, எதிரே மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு, இரண்டு கையிலும் கோல் வைத்துக்கொண்டு ஒருவர் நிற்பார். கோல்களை அசைத்தால் விமானம் வரும். ஒரு கையை நீட்டினால் திரும்பும். இரண்டையும் தலைக்கு மேலே குறுக்காகப் பிடித்தால் நிற்கும். விமானிக்குத் தன் சக்கரமும் தெரியாது, இறக்கை முனையும் தெரியாது. எதிரே நிற்கும் மனிதரைத்தான் தெரியும்.

அம்மா இதைப் பக்கத்து வீட்டுத் தங்கம்மைக்கு விளக்கியது எனக்கு நினைவிருக்கிறது.

“என் மவன் கை காட்டினாத்தான் பிளேன் நிக்கும், கேட்டியா?”

“என்னத்துக்கு? அதுக்கு பிரேக்கு கெடையாதா?”

“பிரேக்கு உண்டு. எங்கே சவுட்டணும்ணு இவன் சொல்லணுமாக்கும்.”

“அப்போ கண்டக்டரு சோலிண்ணு சொல்லு.”

அம்மா அதற்குப் பிறகு இரண்டு மாதம் தங்கம்மையிடம் தேங்காய் கேட்கவில்லை.

ஆனால் தங்கம்மை சொன்னதில் ஓரளவு உண்மை இருந்தது. அண்ணனுக்கு எந்த வாகனமும் ஓட்டத் தெரியாது. சைக்கிள்கூடத் தட்டுத்தடுமாறித்தான். காலையில் பாறசாலையிலிருந்து பாசஞ்சர் ரயில், பிறகு பஸ், பிறகு நடை. எதையும் ஓட்டாதவர் எல்லாவற்றுக்கும் வழி காட்டினார். சபையில் கல்யாணம் என்றால் பந்தலுக்கு முன்பே அண்ணன் போய் நிற்பார். எங்கள் ஒடுங்கிய இடவழியில் ஒரு டூரிஸ்ட் பஸ்ஸைத் திருப்பிக் காட்டியிருக்கிறார். டிரைவர் இறங்கிவந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கியதற்கு இந்த மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் பலர் சாட்சி.

அவர் கைக்கு அடங்காத வாகனம் ஒன்றே ஒன்று. நான் வாங்கிய பழைய கார். முதல்நாள் அதை வீட்டுக்குள் ஏற்றும்போது அண்ணன் எதிரே நின்று அழகாகக் கூப்பிட்டார். சட்டென்று கைகளைக் குறுக்கே தூக்கினார். எனக்குக் கண்ணாடியில் இடம் நிறையத் தெரிந்தது. மேலும் நான் நெய்யாற்றின்கரையில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா, நாலு பத்திரிகையில் நகைச்சுவை எழுதுபவன், படித்தவன். ஆகவே மிதித்தேன். கேட்டுத் தூண் சரிந்தது. பின்சீட்டில் என் மாமியார் இருந்தார்.

அண்ணன் நிதானமாக வந்து ஜன்னலில் குனிந்தார். “எலே, அங்கே ஒரு பிளேன் நெறைய ஆளக் கேற்றிக்கிட்டு வாறவன், நான் கையத் தூக்கினா நிப்பான். ஒனக்கு ஒரு மாமியார வச்சுக்கிட்டு நிக்க முடியல்ல, இல்லியா?”

இதை அவர் சாதாரணக் குரலில்தான் சொன்னார். அண்ணனின் சாதாரணக் குரல் அடுத்த வீட்டு வளவுவரை கேட்கும். இயந்திர இரைச்சலில் நின்று நின்று அவர் காது மந்தமாகிவிட்டது. காதில் அடைப்பான் வைத்துத்தான் வேலை செய்தார், இருந்தாலும் அத்தனை வருட இரைச்சலில் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்தது. அவரால் இரகசியம் பேச முடியாது. மைனியிடம், அதாவது அவரது துணைவியாரிடம், அவர் காதோடு காதாகச் சொன்ன விஷயங்களை மறுநாள் பால்காரர் விசாரிப்பார். எங்கள் குடும்பத்தில் யாருக்கு என்ன நோய், யாருக்கு எந்த இடத்தில் பெண் பார்த்தோம் என்பதெல்லாம் ஊருக்குத் தெரிந்தது இப்படித்தான். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

இனி அந்த விமானம்.

இருபது வருடத்துக்கு முன்பு, ஒரு சித்திரை மாத நடுப்பகல். கான்கிரீட் முற்றத்தில் வெயில் கீழிருந்து மேலே அடிக்கும் நேரம். ஒரு விமானம் தன் இடத்துக்கு வந்துகொண்டிருந்தது. அண்ணன் எதிரே நின்று அழைத்துக்கொண்டிருந்தார். இடம் நெருக்கமாக இருந்தால், இரண்டு இறக்கை முனைகளுக்குக் கீழேயும் ஆளுக்கொருவர் கூடவே நடந்து வருவார்கள். இறக்கை எதிலும் இடிக்காது என்றால் கோலை உயர்த்திப் பிடிப்பார்கள். இரண்டு பக்கமும் கோல் உயர்ந்திருந்தால்தான் மார்ஷலர் கூப்பிடலாம். அன்று இடதுபக்கம் நடந்தவர் சுதாகரன், திருப்புறத்துக்காரர். வலதுபக்கம் வேறொருவர். இரண்டு கோலும் உயர்ந்துதான் இருந்தன.

விமானம் தன் கோட்டை அடைய இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போது, அண்ணன் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே குறுக்காகத் தூக்கினார். விமானம் குலுங்கி நின்றது.

எல்லோரும் ஓடிவந்து பார்த்தார்கள். இறக்கைக்கு அருகே ஒன்றும் இல்லை. ஏணி வண்டி அதன் கோட்டுக்குப் பின்னால் ஒழுங்காக நின்றது. கீழே ஒரு கூழாங்கல்கூட இல்லை. பிறகு இயந்திரத்தை அணைத்து, இழுவை டிராக்டரைக் கொண்டுவந்து, மீதி தூரத்துக்கு விமானத்தை இழுத்து நிறுத்தினார்கள். இருபது நிமிடம். உள்ளே இருந்தவர்களில் ஒரு பெரிய மனிதரும் உண்டு. அவர் இறங்கியதும் முதல் வேலையாகப் புகார் எழுதினார்.

“ஏன் நிறுத்தினீர்கள்?” என்று மேலதிகாரி கேட்டார்.

“சந்தேகம் வந்தது” என்றார் அண்ணன்.

“என்ன சந்தேகம்?”

அண்ணன் அதற்குப் பதில் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, விசாரணையிலும் சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. மேலதிகாரி கெட்டவர் அல்லர். வெயிலில் கண் கூசியது, தவறாகக் கணித்துவிட்டேன், மன்னிக்கவும் என்று எழுதிக் கொடுத்தால் ஒரு எச்சரிக்கையோடு விட்டுவிடலாம் என்றார். கொடுக்காவிட்டால் முற்றத்தில் நிற்கும் வேலை போகும்.

அம்மா என்னைப் பார்த்தார். மைனி என்னைப் பார்த்தார். ஊரில் பாதிப்பேருக்கு மனு எழுதிக் கொடுப்பவன் வீட்டிலேயே இருக்கும்போது என்ன கவலை? நான் உட்கார்ந்து இரண்டு பக்கத்துக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதினேன். இன்றுவரை நான் எழுதிய உரைநடையில் அதுவே சிறந்தது. வெயிலின் வர்ணனை மட்டும் ஒரு பத்தி வரும். “கானலில் கரைந்து நின்ற இறக்கை” என்று ஒரு சொற்றொடர்கூட இருந்தது.

அண்ணன் முழுக்க வாசித்தார். “எழுத்து கொள்ளாம்” என்றார். “ஆனா இதுல நிக்குத ஆளு நான் இல்லியே.”

“ஒரு கையெழுத்து போட்டா என்ன அண்ணே, கை தேஞ்சா போவும்?” என்றேன்.

“எனக்கக் கை தேயாதுலே. சந்தேகம் வந்தா நிறுத்தணும்ணாக்கும் பாடம். நிறுத்துனதுக்கு நான் மாப்பு கேட்டா, நாளைக்கு அங்கே நிக்கப்போறவனுக்கக் கை எழும்புமா? யோசிக்கும். யோசிச்சு முடியும்போ எறக்க கெடக்கும் ஒரு பக்கம், வண்டி கெடக்கும் ஒரு பக்கம்.”

“சரி, அப்போ என்ன சந்தேகம்ணாவது சொல்லித் தொலையுங்க.”

“அது எனக்க சந்தேகம்” என்றார், அடுத்த வளவுக்குக் கேட்கும்படி.

பிறகு என் கடிதத்தின் பின்பக்கத்தில் அவரே மூன்று வரி எழுதிப் பார்த்து, வெள்ளைத்தாளில் பிரதியெடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். சந்தேகம் வந்தது. நிறுத்தினேன். இனியும் வந்தால் நிறுத்துவேன்.

அடுத்த வாரம் அவரைப் பெட்டிகள் வரும் பெல்ட்டுக்கு மாற்றினார்கள். ஐந்து வருடம் அங்கே நின்றார். பெட்டிகளுக்கு வழிகாட்ட வேண்டியதில்லை, அவை தாமே சுற்றிவரும்.

இந்த இடத்தில் நான் வருகிறேன். அந்த வருடம் எங்கள் சபை வாலிபர் சங்கத்தின் கிறிஸ்துமஸ் மலருக்கு ஒரு நகைச்சுவைக் கட்டுரை கேட்டார்கள். என் அருமையான கடிதத்தை வேண்டாம் என்று சொன்னதில் எனக்கு ஒரு சின்ன எரிச்சல் இருந்தது. அதை எரிச்சல் என்று அன்று ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன், இலக்கியம் என்றிருப்பேன். ஒரு மார்ஷலரின் மூக்கில் ஈ உட்காருகிறது, இரண்டு கையிலும் கோல் இருப்பதால் அவரால் அதை ஓட்ட முடியவில்லை, கடைசியில் கையைத் தூக்கி ஈயை ஓட்டுகிறார், விமானம் நின்றுவிடுகிறது, இதுதான் கட்டுரை. பெயர் போடவில்லை. எங்கள் சபையில் எத்தனை மார்ஷலர்கள்?

சிரித்தார்கள். வெகுநாள் சிரித்தார்கள். அண்ணனுக்கு ‘ஈயோட்டி’ என்று பெயர் விழுந்தது. பாறசாலை ஆட்டோ ஸ்டாண்டில் தொடங்கி வெள்ளறடைவரை அது போய்ச் சேர்ந்தது. மைனி சந்தைக்குப் போனால், “ஈயோட்டிக்க வீட்டுலயா?” என்று பின்னால் குரல் வரும். மைனி ஒரு வருடம் என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் போட்டார்கள்.

அண்ணன் அந்தக் கட்டுரையையும் முழுக்க வாசித்தார். “மூக்கு எனக்க மூக்குதான்” என்றார். “ஈதான் ஒனக்க ஈ.” அவ்வளவுதான். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசியதே இல்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஊருக்கெல்லாம் மன்னிப்புக் கடிதம் எழுதுபவனுக்குத் தனக்கென்று ஒன்று எழுத வரவில்லை.

ஐந்து வருடம் கழிந்து புதிதாக வந்த மேலாளர் ஒருவர் பழைய கோப்புகளைப் புரட்டும்போது அந்த மூன்று வரியைப் பார்த்திருக்கிறார். “இந்த ஆள் இப்போது எங்கே?” என்று கேட்டார். மறுநாளே அண்ணன் முற்றத்துக்குத் திரும்பினார். ஓய்வு பெறும்வரை அங்கேதான் நின்றார். கடைசி வருடங்களில் புதிதாகச் சேர்பவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பும் வந்தது. குரல் பெரிதாக இருந்தது அதற்கு வசதியாகப் போயிற்று.

ஓய்வு பெற்று இரண்டு வருடம்தான் வீட்டில் இருந்தார். சிறுநீரகம் பழுதானது. வாரம் இரண்டு முறை ஆஸ்பத்திரி. அங்கேயும் ஆம்புலன்ஸ்காரர்களுக்கு வழி சொல்வார். அப்போதெல்லாம் தவறாமல் வந்தவர் சுதாகரன். திருப்புறத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, அண்ணனின் பக்கத்தில் உட்கார்ந்து, அதிகம் பேசாமல் போவார். கூட வேலை பார்த்தவர், பாசம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டோம். அறுபத்திரண்டாம் வயதில், மகன் வெளிநாட்டிலிருந்து வந்துசேர்ந்த மறுநாள் காலையில், அண்ணன் அமைதியாகக் கண்மூடினார்.

நாற்பதாம் நாள் ஜெபம் வீட்டில் நடந்தது. போதகர் ஐயா ஜெபித்து முடித்து, பந்தி போட இலை எடுக்கப்போகும் நேரத்தில் சுதாகரன் எழுந்து நின்றார். கூட அவர் மகளும் வந்திருந்தாள்.

“எனக்கு ஒரு காரியம் பறயணும்” என்றார். “அண்ணன் இருக்கும்போ வாயத் திறக்கப்பிடாதுண்ணு எனக்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தாரு. இப்போ அவரு இல்லே. இனி நான் சொல்லுவேன்.”

நாங்கள் உட்கார்ந்தோம். அவர் சொன்னதைக் கூடியவரை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

சுதாகரனுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம் பிள்ளை இல்லை. அவர் மனைவி பிள்ளைக்காகச் சஷ்டி விரதம் நேர்ந்திருந்தார். மாதம் ஒருநாள் பட்டினி. கடைசியில் கர்ப்பம் தரித்தது. பிள்ளைத்தாச்சி பட்டினி கிடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நேர்ந்த விரதத்தைக் கைவிடவும் பயம். “அப்போ அவளுக்குப் பதிலா நான் இருந்தேன்” என்றார் சுதாகரன். “பச்சத்தண்ணிகூட குடிக்காம. அண்ணைக்கு சஷ்டி.”

“அந்த வெயில்லயா?” என்றார் மைனி.

“ஆமா, சேச்சி. எறக்கைக்க கீழ நடந்து வாறேன். கோல உயத்திப் பிடிச்சிருக்கேன். அது நெனவுண்டு. பின்னே கண்ணு இருட்டிப்போச்சு. கோலு உயந்துதான் நிண்ணுது. காலுதான் நடக்கல்ல.”

கூடவே நடக்க வேண்டியவர் நின்றுவிட்டார். இறக்கை அவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. கோல் மட்டும் ‘தடையில்லை’ என்று சொல்லிக்கொண்டு வானத்தைப் பார்த்து நின்றது. மற்றவர்கள் எல்லோரும் அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் ஒருவர்தான் சுதாகரனின் காலைப் பார்த்தார்.

“பிளேன் நிண்ண சத்தத்துல எனக்கு நெனவு வந்தது. ரெண்டு எட்டு நடந்துட்டேன். ஒருத்தரும் கண்டில்ல. அவ்வளவு ஆளும் ஓடிவந்து எறக்கையப் பாக்குறாங்க, தரையப் பாக்குறாங்க. என்னை ஆரும் பாக்கல்ல.”

“நீங்க சொல்லியிருக்கலாமே” என்றேன். கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன்.

“போனேன் தம்பி. ஆபீசுக்குச் சொல்லத்தான் போனேன். வழியில நிறுத்திட்டாரு.” சுதாகரன் சிரித்தார். “ ‘எலே, நான் பெர்மனெண்டு. என்னை மாத்தத்தான் செய்வான். நீ கான்ட்ராக்டு. ஒன்னை வீட்டுக்கு அனுப்புவான். வயித்துப் பிள்ளையோட அவளுக்கு என்ன சொல்லுவே?’ண்ணு கேட்டாரு.”

பிறகு அண்ணன் அவரை இழுத்துக்கொண்டுபோய் நிழலில் உட்கார வைத்திருக்கிறார். தம் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்திருக்கிறார். மரச்சீனியும் மத்திக்கறியும்.

“தின்னுண்ணு சொன்னாரு. சஷ்டி அண்ணேண்ணு சொன்னேன். ‘விரதம் நான் பாத்துக்கிடுதேன், நீ தின்னு’ண்ணாரு. ‘நீங்க வேதக்காரரு, யேசுவக் கும்பிடுத ஆளு, நீங்க எப்படிப் பாப்பிய?’ண்ணு கேட்டேன். ‘ஒனக்கப் பெண்டாட்டி வச்ச விரதத்த ஒங்கிட்டக் கைமாத்தினா இல்லியா? நீ எனக்குக் கைமாத்து. ஒனக்க முருகங்கிட்ட நான் சொல்லிக்கிடுதேன். காது கேக்காட்டாலும் எனக்குப் பேச வருமாக்கும்’ணாரு.”

ஜெபத்துக்கு வந்திருந்தவர்கள் எல்லோரும் போதகர் ஐயாவைத் திரும்பிப் பார்த்தார்கள். போதகர் ஐயா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணைக்கு மட்டும் இல்லே. பிள்ள பெறந்தது வரைக்கும் மாசாமாசம் சஷ்டிக்கு அவருதான் இருந்தாரு. எனக்க முன்னால உக்காந்து, அவருக்கச் சோத்த என்னைத் தின்ன வச்சுட்டுத்தான் எழும்புவாரு. ‘டூட்டியில பட்டினி கெடந்தியோ, நானே போய்ச் சொல்லிக் குடுப்பேன்’ணு பயங்காட்டுவாரு. பெல்ட்டுல நிண்ணு கண்ணு இருட்டினா பெட்டிதான் கீழ விழும், வேற ஒண்ணும் ஆவாதுண்ணு சொல்லுவாரு.”

மைனி விரல்விட்டு எதையோ கணக்குப் பார்த்தார்கள். பிறகு கேட்டார்கள்: “மீன் என்ன ஆச்சு?”

“என்ன சேச்சி?”

“நீங்க சஷ்டியண்ணைக்கு மீன் தொடமாட்டிய. அவரு பட்டினி. மரச்சீனிய நீங்க தின்னிய. நான் குடுத்துவிட்ட மத்தி என்ன ஆச்சு?”

“அது... டிராக்டர் ஓட்டுத பையன் தின்னான் சேச்சி. எல்லா மாசமும்.”

மைனிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகுதான் அழுகை. அந்தக் காலத்தில் மாதத்தில் ஒருநாள் அண்ணன் வீட்டுக்கு வந்து பேய்ப்பசியோடு சாப்பிடுவாராம். சோற்றுப் பாத்திரம் காலியாகத்தான் இருக்குமாம். முற்றத்து வேலை போன துக்கத்தில் மனிதர் இப்படித் தின்கிறார் என்று மைனி எண்ணிக்கொண்டார்களாம். “எனக்கிட்டச் சொன்னா ஊருக்கே கேக்கும்ணு சொல்லாம இருந்திருக்காரு” என்றார்கள். அது சரிதான். இரகசியம் பேசவே முடியாத மனிதர், அதனால் அந்த ஒரு இரகசியத்தைப் பேசாமலே வைத்துக்கொண்டார்.

“இத நீங்க மலருல போடணும் தம்பி” என்றார் சுதாகரன். “எனக்கப் பேரப் போட்டே போடணும். அண்ணனை ஈயோட்டிண்ணு சொல்லுத ஆளு இண்ணைக்கும் உண்டு. எனக்கும் பின்னே வேலை பெர்மனெண்டு ஆச்சு, இப்போ நான் பென்ஷன் வாங்குத ஆளு, இனி எனக்கென்ன பயம்?”

எனக்குத் தயக்கம் இருந்தது, ஒளிக்கவில்லை. சபையில் பொறுப்பில் இருந்தவர் சஷ்டி விரதம் இருந்தார் என்று, சபையாருக்குக் கொடுக்கும் மலரில் எப்படிப் போடுவது? போதகர் ஐயாவைத் தனியாகப் பார்த்துக் கேட்டேன். “தம்பி, நான் ஆலயத்துல உபவாச ஜெபம்ணு அறிவிப்பு சொன்னா எத்தன பேரு வாறாங்க, உங்களுக்கே தெரியும். அறிவிக்காமலே இருந்த ஒரு மனுசன். போடுங்க” என்றார். நான் வாசல்வரை போன பிறகு கூப்பிட்டு, “நீங்க அண்ணைக்கு ஈயப் பத்தி எழுதினியளே, அதுக்கு நானும் சிரிச்சேன். அதையும் போடுங்க” என்றார். போட்டுவிட்டேன்.

மைனியிடமும் கேட்டேன். “எழுதுங்க கொழுந்தனாரே” என்றார்கள். “ஆனா அவரு பெரிய ஆளு, தியாகிண்ணெல்லாம் எழுதிப்பிடாதீங்க. புளி கொறஞ்சா கத்துவாருண்ணு எழுதுங்க.” அதை முதலிலேயே எழுதியிருக்கிறேன்.

ஆகவே இதை வாசிப்பவர்களுக்கு: அண்ணனின் மூக்கில் ஈ எதுவும் உட்காரவில்லை. கண்ணும் கூசவில்லை. இறக்கைக்கு ஒரு தடையும் இல்லை என்று அன்று பார்த்தவர்கள் சொன்னதும் சரிதான். அவர் நிறுத்தியது நடக்காமல் நின்ற இரண்டு கால்களுக்காக. அண்ணே, மன்னித்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு வாக்கியத்தை எழுத எனக்கு இருபது வருடமும் ஒரு மரணமும் தேவைப்பட்டன.

இனி நன்றி. அண்ணனின் கடைசி நாட்களில் வீடு தேடி வந்து கவனித்த பஞ்சாயத்துப் பாலியேட்டிவ் நர்சுக்கு நன்றி. ஆஸ்பத்திரிக்குப் போக எந்த நேரம் கூப்பிட்டாலும் வந்ததோடு, அண்ணன் பின்சீட்டிலிருந்து சொன்ன வழியில் மறுபேச்சு இல்லாமல் ஓட்டிய ஆட்டோக்காரருக்கு நன்றி. அண்ணனுக்கு உடுத்த என்று பாலராமபுரத்திலிருந்து தம் தறியில் நெய்த வேட்டியைக் கொண்டுவந்த மைனியின் தம்பிக்கும், அடக்க ஆராதனையில் பாடிய பாடகர் குழுவினருக்கும், போதகர் ஐயாவுக்கும், விமான நிலையத்திலிருந்து பஸ் பிடித்து வந்த தோழர்களுக்கும் நன்றி. கோப்பைப் புரட்டிய மேலாளர் எங்கே இருந்தாலும் அவருக்கும் நன்றி. மாதாமாதம் மத்தி தின்ற டிராக்டர் ஓட்டுநருக்கு மைனி தனியாக விசாரிப்புச் சொல்லச் சொன்னார்கள். சுதாகரனுக்கு நாங்கள் நன்றி சொன்னால் அவர் கோபித்துக்கொள்வார். அவர் மகள் இப்போது நர்சிங் படிக்கிறாள். அன்று பந்தி முடிந்ததும் யாரும் சொல்லாமலே மைனியோடு நின்று பாத்திரம் தேய்த்தாள். அவளுக்கு எங்கள் அன்பு.

கடைசியாக, அந்த விமானத்தில் வந்தவர்களுக்கு. நீங்கள் யார் என்று எங்களுக்குத் தெரியாது. புகார் எழுதிய பெரியவரின் பெயரும் தெரியாது. இந்த மலர் உங்களில் யாருடைய கைக்கும் வரப்போவதில்லை. உங்களை வரவேற்க வந்தவர்கள் வெளியே காத்திருக்க, ஏன் நிற்கிறோம் என்று யாரும் சொல்லாத அந்தச் சித்திரை வெயிலில் இருபது நிமிடம் உள்ளே உட்கார்ந்திருந்தீர்கள். பட்டினியோடு நின்ற ஒரு மனிதர் விழாமல் வீட்டுக்குப் போனார். உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.